கோடு பேத்திக்கு, வண்ணம் தாத்தாவுக்கு: ஒரு சிறார் படப் புத்தகம் வரையப்பட்ட விதம் குறித்த நிகழ்வு ஆய்வு

சிறார் படப் புத்தகம் ஒன்றுக்கு ஓவியம் வரைந்து முடிக்க எனக்குப் பதினோரு மாதங்கள் ஆயின. அவற்றில் ஏறத்தாழ ஐந்து மாதங்கள், புத்தகத்தில் இடம்பெறாமலே போன படங்களை வரைவதில் கழிந்தன. அந்த ஐந்து மாதங்களில் என்ன நடந்தது, எந்த முடிவு எதனால் கைவிடப்பட்டது, கடைசியில் நிலைத்த முடிவு அச்சகத்தில் என்ன பாடுபட்டது என்பதைப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். முடிந்த புத்தகத்தைக் கையில் எடுப்பவருக்கு, அது முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றும். இத்துறைக்குப் புதிதாக வருபவர்களை அந்தத் தோற்றம் எவ்வளவு தளர்த்திவிடுகிறது என்பதைப் பலமுறை கண்டிருப்பதால், தவறிய படிகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கையில் வந்த கதை

என்னிடம் வந்த கதை 520 சொற்கள் கொண்டது. கண்புரையால் பார்வை மங்கிவரும் தாத்தாவும் ஏழு வயதுப் பேத்தியும் நாள்தோறும் ஏரிவரை நடந்து போகிறார்கள். வழியில் தென்படுவதையெல்லாம் பேத்தி அவருக்குச் சொல்லிக்கொண்டே போகிறாள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் அந்த ஏரியை மறுபடியும் பார்க்கிறார். நிகழ்ச்சி என்று சொல்ல இவ்வளவுதான். கதை எழுதியவரைப் பணி முடியும்வரை நான் நேரில் சந்திக்கவில்லை. பேசவேண்டியதையெல்லாம் பதிப்பாசிரியர் வழியாகவே பேசிக்கொண்டோம். பதிப்புத் துறையில் இது பரவலாக உள்ள வழக்கம். எழுதியவர் தம் மனத்தில் ஏற்கெனவே பார்த்துவைத்த படத்தை ஓவியரின் கையில் திணித்துவிடாமல் இருக்க இந்த இடைவெளி உதவுகிறது என்பது என் அனுபவம்.

புத்தகத்தின் அளவு 220 × 250 மில்லிமீட்டர், பக்கங்கள் 32. ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கப்படும் பக்கத் தொகுதியை ஃபாரம் என்பார்கள்; பதினாறு பக்கம் கொண்ட ஃபாரம் இரண்டு சேர்ந்தால் 32 ஆகும் என்பதால்தான் படப் புத்தகங்களில் இந்த எண்ணிக்கை இவ்வளவு நிலைபெற்றிருக்கிறது. முதல் மூன்று பக்கங்கள் தலைப்புக்கும் பதிப்பு விவரங்களுக்கும் போய்விட்டன. 4 முதல் 31 வரை பதினான்கு இரட்டைப் பக்கங்களும் (புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே சேர்ந்து தெரியும் இரு பக்கங்கள்), இறுதியில் 32ஆம் பக்கம் தனியாகவும் எனக்குக் கிடைத்தன. 520 சொற்களைப் பதினான்காக வெட்டுவதுதான் ஓவியரின் முதல் வேலை. பென்சிலைத் தொடுவதற்கு முன்பே பாதிக் கதை அங்கே தீர்மானமாகிவிடுகிறது. எந்த வாக்கியத்தில் நிறுத்தினால் குழந்தையின் கை தாளைப் புரட்டத் துடிக்கும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வெட்டி ஒட்டிய ஒரு டம்மியை, அதாவது மாதிரிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிப்பதுதான். திரையில் வரிசையாகப் பார்க்கும்போது இது பிடிபடுவதே இல்லை.

ஒரே தாளில் தீப்பெட்டி அளவுக்குப் பதினான்கு கட்டங்கள் போட்டு, அவற்றுக்குள் சிறு சிறு படங்களாக முழுக் கதையையும் ஆறு முறை வரைந்தேன். அந்த அளவில் முகபாவம் வரைய முடியாது. இருட்டும் வெளிச்சமும், பெரியதும் சிறியதும், போகும் திசையும் மட்டுமே மிஞ்சும். ஏரிக்குப் போகும்போது இருவரும் இடமிருந்து வலமாக, அதாவது வாசிக்கும் திசையிலேயே நடப்பார்கள் என்பதும், வீடு திரும்பும்போது மட்டும் வலமிருந்து இடமாக வருவார்கள் என்பதும் அந்தக் கட்டங்களில் முடிவானவை. தாத்தாவின் முகம் நடு மடிப்பில் விழுந்து இரண்டாகப் பிளந்துபோனதும் அங்கேதான் தெரிந்தது. அதன்பிறகு மடிப்பின் இருபுறமும் 12 மில்லிமீட்டருக்குள் முகமோ கையோ வராதபடி கோடு கிழித்துக்கொண்டேன்.

தவறிய இரண்டு வழிகள்

முதல் சுற்றில் எல்லாவற்றையும் தெளிவாக, நீர்வண்ணத்தில், கண்ணுக்கு இனிமையாக வரைந்தேன். நான்கு இரட்டைப் பக்கங்களை முழுமையாக முடித்த பிறகு பதிப்பாசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: சொற்களை எடுத்துவிட்டால் இந்தத் தாத்தாவுக்குப் பார்வை மங்குகிறது என்று யாருக்காவது தெரியுமா? தெரியாது. கதையில் எழுதப்பட்டிருந்ததையே நான் மறுபடி வரைந்திருந்தேன். "கரையில் ஒரு கொக்கு நின்றது" என்ற வரிக்குக் கீழே ஒரு கொக்கு நின்றது. படம் வரிக்குத் துணை நின்றதே தவிர, வரி சொல்லாமல் விட்டதைச் சொல்லவில்லை. படப் புத்தகத்தில் படத்துக்கு வேலையே அதுதான் என்று அதற்கு முன்பே பிறருக்குப் பலமுறை சொன்னவன் நான். இருந்தும் என் மேசையில் அது நடந்தது.

இரண்டாம் சுற்றில் இடப்பக்கத்தைப் பேத்தியின் பார்வையாகவும் வலப்பக்கத்தைத் தாத்தாவின் பார்வையாகவும் பிரித்தேன். இடப்பக்கம் துல்லியம், வலப்பக்கம் மங்கல். யோசனையாகக் கேட்கும்போது அது மிகவும் கச்சிதமாக இருந்தது, பதிப்பாசிரியருக்கும் பிடித்திருந்தது. டம்மி செய்து ஐந்து முதல் எட்டு வயதுவரை உள்ள ஒன்பது குழந்தைகளுக்குப் படித்துக் காட்டினோம். மூன்றாவது தாளைப் புரட்டுவதற்குள் அவர்கள் கதையைக் கேட்பதை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசங்களை விரல் வைத்து எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டாக அது மாறிப்போனது. தாத்தாவின் கண் ஒரு புதிராகிவிட்டதே ஒழிய, அவர்மேல் யாருக்கும் பரிவு பிறக்கவில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. ஒன்றாக நடக்கும் இருவரை நான் புத்தகம் முழுவதும் ஒரு மடிப்பால் பிரித்து வைத்திருந்தேன். ஏறத்தாழ மூன்று மாத உழைப்பு அதோடு முடிந்தது.

இரண்டு தாள்கள்

மூன்றாம் வழி திட்டமிட்டு வந்ததில்லை. நான் கோட்டை ஒரு தாளிலும் வண்ணத்தை வேறொரு தாளிலும் வரைபவன். பென்சில் கோட்டை மெல்லிய, வழவழப்பான தாளில் போட்டு, அதை ஒளிப் பெட்டிமேல் வைத்து, அதன்மேல் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத் தாளைப் பரப்பி, ஊடே தெரியும் கோட்டைப் பின்பற்றி வண்ணம் மட்டும் பூசுவேன். பிறகு இரண்டையும் தனித்தனியே ஸ்கேன் செய்து கணினியில் ஒன்றாக்குவேன். கோடு பிசகினால் வண்ணம் வீணாகாது என்பதற்காக வைத்துக்கொண்ட பழக்கம் இது.

ஒருநாள் ஒளிப் பெட்டியின் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டபோது, ஒன்றில் நாணலின் ஒவ்வோர் இலையும், கொக்கின் கால் மடிப்பும், தாத்தாவின் சட்டைப் பொத்தானில் தொங்கும் நூலும்கூட இருந்தன. மற்றொன்றில் உருவம் பிடிபடாத வண்ணத் திட்டுகள் மட்டுமே இருந்தன. நான் தேடிக்கொண்டிருந்த இருவரும் அந்த இரண்டு தாள்களில் தனித்தனியே கிடந்தார்கள். நூல் தொங்குவதைப் பார்க்கிறவள் பேத்தி. திட்டுகளாகப் பார்க்கிறவர் தாத்தா. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், ஒரே பக்கத்தில் இருவரும் ஒன்றாக நடப்பார்கள். கோடு முழுவதும் பேத்திக்கு, வண்ணம் முழுவதும் தாத்தாவுக்கு என்ற முடிவை அன்று மாலையே எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதன்பின் புத்தகத்தில் எடுத்த ஒவ்வொரு முடிவும் அந்த ஒரு வரியிலிருந்தே கிளைத்தது.

அப்படியானால் தாத்தாவின் வண்ணம் என்ன? இங்கே மருத்துவம் கைகொடுத்தது. வயது ஏற ஏற விழி லென்ஸ் மஞ்சளாகிறது. கண்புரை முற்றும்போது பழுப்பாகவும் ஆகிவிடுகிறது. குறுகிய அலைநீளம் கொண்ட நீல, ஊதா ஒளியை அது வழிமறிக்கிறது. சிவப்பும் ஆரஞ்சும் பெரும்பாலும் தப்பி உள்ளே வந்துவிடுகின்றன. ஓவியர் கிளாட் மோனேவுக்கு 1912இல் கண்புரை கண்டறியப்பட்டு, 1923இல் வலக்கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வரைந்த தோட்டப் பாலத்தின் படங்கள் சில செம்பழுப்பில் எரிவதைப் போல இருக்கும். நான் முதலில் அந்தப் படங்களையே பார்த்து வண்ணம் கலந்தேன். அது தவறாகப் போனது. அவற்றில் கண்ணின் பங்கு எவ்வளவு, கலைஞரின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. என் ஏரிக்கரை தீப்பிடித்ததைப் போல ஆகிவிட்டது.

பிறகு செய்தது மிக எளிய சோதனை. என்னிடமுள்ள எல்லா வண்ணங்களையும் சிறு சதுரங்களாகப் பூசி ஓர் அட்டை செய்து, அதன்மேல் தேன் நிறக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக வைத்துப் பார்த்தேன். அல்ட்ராமரின் நீலம் சாம்பல் கலந்த பச்சையாக மாறியது. ஊதா, பழுப்பாகிவிட்டது. வெள்ளை, பழைய தந்தத்தின் நிறத்துக்கு வந்தது. சிவப்பு மட்டும் ஏறக்குறைய அசையாமல் நின்றது. ஒவ்வொரு சதுரத்துக்கும் பக்கத்தில், கண்ணாடித்தாளின் ஊடே தெரிந்த நிறத்தைக் கலந்து பூசி இரண்டாவது அட்டை ஒன்று தயாரித்தேன். புத்தகத்தின் 4ஆம் பக்கம் முதல் அறுவைச் சிகிச்சை வரையிலான எல்லாப் படங்களும் அந்த இரண்டாவது அட்டையிலிருந்து மட்டுமே வரையப்பட்டன.

அந்தச் சிவப்பு அசையாமல் நின்றதை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. முதல் மாதிரிப் பக்கங்களில் எல்லாவற்றையும் ஒரே மஞ்சள் பழுப்பில் ஆழ்த்திவிட்டேன். அதைப் பார்த்த ஒரு சிறுவன், "இது ரொம்ப நாளைக்கு முன்னாடி நடந்த கதையா?" என்று கேட்டான். பழுப்பு நிறப் படம் என்றால் பழைய புகைப்படம் என்பது குழந்தைகளுக்குக்கூடப் பழகிப்போன குறியீடு என்பதை நான் மறந்துவிட்டிருந்தேன். நீலமும் ஊதாவும் தூய வெள்ளையும் மட்டுமே காணாமல் போகவேண்டும்; சிவப்பு சிவப்பாகவே இருக்கவேண்டும். பேத்தியின் கையில் ஒரு சிவப்புக் குடையைக் கொடுத்து, மீண்டும் வரைந்தேன். குடை வந்தவுடன் காலம் நிகழ்காலத்துக்குத் திரும்பியது.

ஒரு சொல்லை நீக்கக் கேட்டது

கதையின் இரண்டாவது வாக்கியத்திலேயே "நீல ஏரி" என்று இருந்தது. வண்ணம் தாத்தாவுடையது என்று ஆனபின், இருபதுக்கும் மேற்பட்ட பக்கங்களுக்கு முன்பே அந்தச் சொல் நீலத்தைக் கொடுத்துவிடுவது எனக்கு இடைஞ்சலாக இருந்தது. எழுதியவரின் சொல்லை ஓவியர் நீக்கக் கேட்பது எளிதான காரியம் அன்று. கேட்கவும் கூடாது என்று கருதுவோர் உண்டு. வரைந்து முடித்த மூன்று இரட்டைப் பக்கங்களையும் என் காரணங்களையும் பதிப்பாசிரியரிடம் அனுப்பிவைத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்த திருத்தப்பட்ட கதையில் அந்த ஒரு சொல் மட்டும் போயிருக்கவில்லை. நிறத்தைக் குறிக்கும் எல்லாச் சொற்களும் போயிருந்தன. பேத்தி இப்போது வடிவத்தையும் எண்ணிக்கையையும் அசைவையும் மட்டுமே சொன்னாள். 520 சொற்கள் 410 ஆகியிருந்தன. நான் கேட்டதைவிடத் துணிவான திருத்தம் அது. இந்தப் புத்தகத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி எது என்றால் அதைத்தான் சொல்வேன்.

அந்தத் திருத்தம் வந்த பிறகுதான் பேத்தியின் கவுனுக்கு நிறம் முடிவானது. அவள் கவுன் நீலம். கதையில் எங்கும் அது சொல்லப்படவில்லை. முதல் பத்து இரட்டைப் பக்கங்களில் அது சாம்பல் பச்சையாகவே தெரியும். வாசிக்கும் குழந்தையும் தாத்தாவைப் போலவே அதன் நிறம் அதுதான் என்று நம்பிக்கொண்டிருக்கும்.

உடல்மொழி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேத்தியின் உயரம் அவள் தலையைப் போல் ஐந்து மடங்கு. தாத்தாவின் உயரம் அவர் தலையைப் போல் ஆறரை மடங்கு. 23ஆம் பக்கம்வரை அவர் கை அவள் தோளிலிருந்து எடுபடாது. கால் முன்னே போவதற்கு முன் தரையைத் தடவிப் பார்க்கும். இந்த இரண்டு விதிகளை மட்டும் காப்பாற்றினால் போதுமாக இருந்தது.

நீலம் அச்சுக்கு வராத கதை

கண் கட்டு அவிழ்ந்தபின் வரும் ஏரிக்கு நான் பூசியிருந்தது அல்ட்ராமரின். நீர்வண்ணத்தில் அது தாளின் சொரசொரப்பில் பொடிப்பொடியாகத் தங்கி, ஒளி பட்டால் ஆழத்திலிருந்து மினுங்கும். ஸ்கேன் செய்து சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளுக்கு மாற்றியவுடன் அது சோர்ந்துபோய், ஊதாவாகச் சாய்ந்தது. அந்த நீலம் நான்கு மைகளின் எல்லைக்கு அப்பால் உள்ளது. எந்தக் கணினித் திருத்தமும் அதை உள்ளே இழுத்து வர முடியாது. புத்தகமே காத்திருக்கும் ஒரு நிறத்தை அச்சிட முடியாது என்பதை, எல்லா ஓவியங்களையும் முடித்த பிறகு முதல் புரூஃபில், அதாவது சோதனை அச்சில் பார்த்து அறிந்துகொண்டது என் பிழை. வண்ண மாதிரியைத் தொடக்கத்திலேயே அச்சிட்டுப் பார்த்திருக்கவேண்டும்.

ஐந்தாவதாகத் தனி நீல மை ஒன்றைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். செலவு கட்டுப்படியாகாது என்று பதிப்பகம் மறுத்தது நியாயமே. சியானுக்கும் மெஜந்தாவுக்கும் இடையே 30 விழுக்காடாவது இடைவெளி வைக்காவிட்டால் நீலம் ஊதாவாகிவிடும் என்பது அச்சுத் துறையினர் பலரும் பின்பற்றும் கணக்கு. அதன்படி மெஜந்தாவைக் குறைத்ததும் ஊதாச் சாயல் போனது, ஆனால் வலிமை வரவில்லை. உறிஞ்சும் தன்மை கொண்ட பூச்சில்லாத தாளுக்குப் பதில் பளபளப்பில்லாத பூச்சுத் தாளுக்கு மாறினோம். கொஞ்சம் உயிர் வந்தது. போதவில்லை.

வழி பிறந்தது அந்தப் பக்கத்தில் இல்லை, அதற்கு முந்திய இருபது பக்கங்களில். மஞ்சளைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் அங்கே ஒரு நீலச் சாயல் தெரியும். கண் மஞ்சளுக்குப் பழகி, அதை ஈடுசெய்யத் தொடங்கிவிடுவதால் வரும் விளைவு அது. நான் வரைந்திருந்த பக்கங்களில் ஓரங்களில் வெள்ளைத் தாள் தெரிந்தது. வாசகரின் கண் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த வெள்ளையைத் தொட்டுத் தன்னைச் சரிசெய்துகொண்டே வந்ததால், நீலத்துக்கு வந்து சேரும்போது அதற்கு எந்தப் பசியும் இல்லை. எனவே முதல் பத்து இரட்டைப் பக்கங்களில் ஒரு துளி வெள்ளைகூடத் தெரியக்கூடாது என்று முடிவு செய்தேன். எல்லாப் படங்களையும் விளிம்புவரை நீட்டி, வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்தேன். எழுத்துகள் இருக்கும் இடத்தின் பின்புலத்தையும் தந்த நிறத்தில் நிரப்பினேன். மேகம், கொக்கு, தாத்தாவின் தலைமுடி எல்லாம் மங்கிய தந்த நிறம். தாளின் தூய வெள்ளை முதன்முதலில் தலைகாட்டுவது ஏரியின் அலை முகடுகளில்தான். நீலத்தின் மை விழுக்காட்டை நான் கூட்டவே இல்லை. அடுத்த புரூஃபில் தாளைப் புரட்டியபோது பதிப்பாசிரியர், மை மாற்றினார்களா என்று கேட்டார்.

இதற்கிடையில் இன்னொரு சிக்கலை அச்சகத்தில் பணிபுரியும் ஒருவர் சுட்டிக்காட்டினார். ஏரி அப்போது 26–27ஆம் பக்கங்களில் இருந்தது. அவை ஃபாரத்தில் அடுத்தடுத்து அச்சாவதில்லை. வெவ்வேறு இடங்களில் அச்சாகி, மடித்துத் தைத்தபின் சந்திப்பவை. நடு மடிப்பில் நீரின் நிறமும் அடிவானக் கோடும் இம்மி விலகினாலும் ஏரி இரண்டாகத் தெரியும். இரண்டாம் ஃபாரத்தின் நடுவில் வருவது 24–25; அது மட்டுமே பிளவுபடாத ஒரே தாள். ஓரிரவு யோசித்ததற்கு மேல் இதில் தயக்கம் நீடிக்கவில்லை. மருத்துவமனைக் காத்திருப்பு அறை வந்த ஓர் இரட்டைப் பக்கத்தை எடுத்துவிட்டு ஏரியை 24–25க்கு நகர்த்தினோம். கதைக்கும் அது நல்லதாகவே அமைந்தது: 23ஆம் பக்கத்தில் கட்டு போட்ட முகத்துடன் தாத்தா உட்கார்ந்திருக்கிறார், தாளைப் புரட்டினால் ஏரி. பின்னால் ஓர் இரட்டைப் பக்கம் மிச்சமாகிவிட்டது. 26–27இல் தாத்தா பேத்தியின் கவுனைப் பார்க்கிறார். மிச்சமான 28–29இல் சொற்களே இல்லாமல், அவர் தம் புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நரம்புகள் நீலமாக ஓடுகின்றன. அந்தக் கையை மட்டும் ஒளிப் பெட்டி இல்லாமல், கோட்டையும் வண்ணத்தையும் ஒரே தாளில் வரைந்தேன். அதுவரை பிரிந்திருந்த இரண்டும் சேரும் இடம் அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று பட்டது.

அச்சு ஓடிய நாளில்

மெஷினில் 24ஆம் பக்கம் இருக்கும் அதே நேர்கோட்டில் 17ஆம் பக்கமும் இருந்தது. ஆஃப்செட் எந்திரத்தில் மையின் அளவைப் பட்டை பட்டையாகத்தான் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஒரு பட்டையில் சியானைக் கூட்டினால் அந்த வரிசையில் உள்ள எல்லாப் பக்கங்களுக்கும் அது போய்ச் சேரும். ஏரியின் இடப்பாதி சற்று வெளிறி வந்தது. கூட்டினால், தாத்தாவின் பார்வையில் நீலமே இருக்கக்கூடாத 17ஆம் பக்கத்துச் சுவர் பச்சைக்குத் திரும்பும். நனைந்த மை வாசத்தோடு இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, எந்திரத்தை இயக்குபவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்திரம் நிற்கும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. ஏரிக்கே கூட்டச் சொன்னேன். அச்சான புத்தகத்தில் 17ஆம் பக்கத்துச் சுவர், நான் வரைந்ததைவிடக் கொஞ்சம் பச்சையாகத்தான் இருக்கிறது.